தாள யந்திரமும் நம் மேளக்காரரும்

தாள யந்திரம் வந்தது, நம் சங்கீதம் செத்தது என்று ஒரு சாரார் ஒப்பாரி வைக்கின்றனர். யந்திரம் வந்தது, மேளக்காரரைத் தேடி அலையும் தொல்லை ஒழிந்தது என்று மற்றொரு சாரார் மகிழ்கின்றனர். சிராங்கூன் சாலையில் இசைக் கருவிகள் விற்கும் கடைகளின் வாயிலிலும், தோட்டத்துக் கோயில்களின் திருவிழாக் கூட்டங்களிலும் இவ்விரு பேச்சும் நம் காதில் விழாத ஆண்டில்லை. இரு திறத்தாரும் ஆத்திரத்தோடு பேசுகின்றனரேயன்றி, அந்த யந்திரம் எங்கே பிறந்தது, எவ்வாறு ஒலிக்கின்றது, அதைக் கொண்டு நம் நாட்டார் செய்த முதல் முயற்சி எத்தன்மையது என்பவற்றை ஆராய்ந்து பேசுவதாகக் காணோம். ஆராயாமல் அழுவதும் ஆராயாமல் சிரிப்பதும் அறிவுடையோர்க்கு அழகல்ல. ஆதலின் ஈண்டு அவ்வாராய்ச்சியைச் சிறிது செய்து பார்ப்போம்.

ஆராய்ச்சிக்குரிய பொருளாக ஓர் இசைத்தட்டை எடுத்துக் கொள்கின்றோம். அது 1982 ஆம் ஆண்டில் பம்பாயைச் சேர்ந்த சரண்ஜித் சிங் என்பார் வாசித்து, இந்திய கிராமபோன் கம்பெனியார் வெளியிட்டது. அதன் பெயர் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்பது. பத்து ராகங்களை டிஸ்கோ என்னும் மேனாட்டு நடன தாளத்தில் அமைத்தது என்று பெயரிலிருந்தே விளங்கும். இத்தட்டு நம் ஊருக்கும் உறவுடையது. அதில் ஒலிக்கும் ஜப்பானியக் கருவிகளை அவர் வாங்கிச் சென்றது சிங்கப்பூரில் என்று பதிவாகியுள்ளது. அக்காலத்தில் இந்தியாவில் அயல்நாட்டு மின்கருவிகளுக்கு அனுமதிச் சீட்டும் கடுமையான சுங்கவரியும் உண்டு. சிங்கப்பூரோ வரியற்ற துறைமுகம். ஆகவே சினிமாச் சங்கீதக்காரர்கள் இங்கு வந்து செல்லும்போது பெட்டியில் துணிமணியோடு கருவிகளையும் கொண்டு சென்றதில் வியப்பில்லை.

முதலில் யந்திரத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். மனிதன் கையின்றித் தாளம் ஒலிக்க வேண்டும் என்னும் ஆசை புதியதன்று. 1206 ஆம் ஆண்டில் அல் ஜஸாரி என்னும் அரபு நாட்டுச் சிற்பி தாம் எழுதி முடித்த நூலில், படகில் அமர்ந்து பறை கொட்டும் பொம்மைகளை விவரித்திருக்கின்றார். சுழலும் உருளையில் முளைகளை அடித்து, அம்முளைகள் நெம்புகோலைத் தட்ட, பொம்மையின் கை எழுந்து விழும்படி அமைத்தார். முளைகளை இடம் மாற்றினால் தாளமும் மாறும். மின்சாரம் வந்த பின், 1931 ஆம் ஆண்டில் ருஷியரான லெவ் தெரமின் என்பார், ஹென்றி கவல் என்னும் அமெரிக்க இசைப் புலவரின் வேண்டுகோளின்படி ‘ரிதமிக்கான்’ என்னும் கருவியைச் செய்தார். 1959 இல் அமெரிக்க வுர்லிட்சர் கம்பெனியார் ‘சைட்மேன்’ என்னும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதனுள்ளே ஒரு வட்டத்தகடும் அதன்மேல் சுழலும் மின்தொடுப்பும் இருந்தன. தொடுப்பு தட்டும் இடந்தோறும் வெற்றிடக் குழாய்கள் ஒலியெழுப்பின. ஆர்கன் வாசிக்கும் ஒருவர் துணையாளின்றி விடுதியில் இசை நடத்த அஃது உதவிற்று.

அப்பெட்டி ஜப்பானுக்குச் சென்றது. தோக்கியோவில் கேளிக்கை விடுதி நடத்திய சுதோமு காட்டோ என்பாரிடம் வாசித்துவந்த தடாஷி ஓசனாய் என்னும் அக்கார்டியன் வித்துவான், இதனினும் நல்லதை நாம் செய்யலாம் என்றார். அதன் பயனாக 1963 இல் கெய்யோ கம்பெனியின் ‘டோன்காமாட்டிக்’ வெளிவந்தது. அக்கம்பெனியே பின்னர்க் கோர்க் என்று பெயர் பெற்றது. இளமையில் கடிகாரம் பழுது பார்த்து வாழ்ந்த இகுதாரோ ககேஹாஷி என்பார் 1967 இல் ‘ரிதம் ஏஸ்’ என்னும் டிரான்சிஸ்டர்ப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1972 இல் அவரே ரோலண்ட் கம்பெனியை நிறுவினார். அதுகாறும் வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை வால்ட்ஸ், ரும்பா என்று தயாராக அமைத்த தாளங்களையே தந்தன. 1978 இல் ரோலண்டார் வெளியிட்ட ‘சி.ஆர். 78’ வாசிப்பவரே தம் தாளத்தை எழுதி நினைவில் நிறுத்தும்படி அமைந்தது. 1980 இல் ‘டி.ஆர். 808’ வந்தது.

இந்த 808 தான் நம் ஆராய்ச்சிக்கு நடுநாயகமானது. அதே ஆண்டில் ரோஜர் லின் என்னும் அமெரிக்கர் உண்மையான முழவொலிகளைப் பதிவு செய்து ஒலிக்கும் யந்திரத்தை வெளியிட்டார். அதன் விலை ஏறக்குறைய 5,000 டாலர். 808 இன் விலை 1,195 டாலர். அதில் பதிவு செய்த ஒலி ஒன்றும் இல்லை. ஒரு மின்சுற்றுக்குள் நொடிப்பொழுது மின்துடிப்பைச் செலுத்தினால், அடித்த மணி அதிர்ந்து அடங்குவது போல அச்சுற்று அதிர்ந்து அடங்கும். அவ்வதிர்வே அதன் பெருமுழவு. ஒன்றோடொன்று இசையாத ஆறு மின்னலைகளைக் கலந்து வடித்தது அதன் ஜால்ரா. பழுது என்று ஆலைகள் ஒதுக்கிய டிரான்சிஸ்டர்களை ரோலண்டார் தேடி வாங்கி, அவற்றின் சீறலையே இதன் ஒலிக்குப் பயன்படுத்தினர். அத்தகைய டிரான்சிஸ்டர்கள் கிடைப்பது அரிதானபோது, 1983 இல், யந்திரமும் நின்றது. மொத்தம் விற்றவை ஏறக்குறைய 12,000. மெய்யான முழவைப் போல ஒலிக்கவில்லை என்று அன்று பலர் எள்ளி நகையாடினர். அதன் பயனாகப் பழைய யந்திரங்கள் மலிவு விலைக்கு வந்தன. புதிய யந்திரம் வாங்க வழியற்ற அமெரிக்கக் கறுப்பினத்து இளைஞர்கள் கையில் அவை சேர்ந்தன. ஒதுக்கப்பட்ட பொருளை எடுத்து அவர்கள் ஓர் உலக இசையையே உண்டாக்கினர். 1982 இல் ஆப்பிரிக்கா பம்பாட்டா வெளியிட்ட ‘பிளானெட் ராக்’ அதற்குச் சான்று.

நிற்க. சரண்ஜித் சிங் இந்த 808 ஐயும், 1981 இல் வந்த ‘டி.பி. 303’ என்னும் அடிச்சுருதிப் பெட்டியையும், ‘ஜூபிடர் 8’ என்னும் வாசிப்புப் பலகையையும் ஒன்றோடொன்று இணைத்தார். 808 தாளம் கொட்டும். 303 ராகத்தின் சுரங்களைச் சுழற்றிச் சுழற்றி அடியில் ஒலிக்கும். அவர் கையோ பலகையின்மேல் ராகத்தை விரிக்கும். பைரவ், லலித், பூபாளி, தோடி, மதுவந்தி, மேக மல்ஹார், யமன், களாவதி, மால்கௌன்ஸ், பைராகி என்பன அப்பத்து. நம் மரபில் பூபாளியை மோகனம் என்றும், யமனைக் கல்யாணி என்றும், மால்கௌன்சை இந்தோளம் என்றும் கொள்ளலாம். ஆதலின் தமிழ்ச் செவிக்கு இத்தட்டு அந்நியமானதன்று.

தட்டு விலை போகவில்லை. சரண்ஜித் சிங் பம்பாய்ச் சினிமா வாத்தியக் கோஷ்டிகளில் பிறருக்கு வாசித்தும் விழாக்களில் வாசித்தும் காலங் கழித்தார். 2002 இல் எடோ பௌமன் என்னும் டச்சுக்காரர் டில்லியில் இதன் பிரதியொன்றைக் கண்டெடுத்தார். 2010 இல் மறுபதிப்பு வெளிவந்ததும் மேனாட்டார் திகைத்தனர். ஏனெனில் 303 ஐயும் தாள யந்திரத்தையும் இணைத்த ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் இசை, சிக்காகோவில் ‘பியூச்சர்’ குழுவினரின் தட்டு வழியாக 1987 இல் வெளிப்பட்டது என்பதே அவர்கள் எழுதிய வரலாறு. அதற்கு ஐந்தாண்டுகட்கு முன்னரே ஓர் இந்தியர் அதனை ஒத்த ஒலியை உண்டாக்கிவிட்டார். 2015 இல் அவர் காலமாவதற்குமுன் ஐரோப்பிய மேடைகளிலும் வாசித்துப் பாராட்டுப் பெற்றார்.

இனி, தட்டின் குண தோஷங்களைப் பார்ப்போம். முந்தினவர் என்பதற்காகவே ஒருவரைப் புகழ்வது விமரிசனமாகாது. சிக்காகோவினர் இத்தட்டைக் கேட்டதாகச் சான்றில்லை. ஆகவே இவர் ஆசிட் ஹவுஸுக்குத் தந்தை என்று சிலர் பறை சாற்றுவது வீண் பெருமை. தமிழனே எல்லாவற்றையும் முதலில் கண்டான் என்று மேடையில் முழங்கும் நம்மவர் பழக்கத்துக்கும் இதற்கும் வேறுபாடு காணோம். பிள்ளையின் முகம் அறியாத தந்தையால் யாருக்கு என்ன பிரயோசனம்?

இத்தட்டின் மெய்யான சிறப்பு வேறு. 303 என்னும் பெட்டியில் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அமைப்பு உண்டு. ஜூபிடரிலும் உண்டு. மேனாட்டார் அதை அலங்காரமாகக் கருதினர். நம் ராகத்துக்கோ அதுவே உயிர். சுரங்களைத் தனித்தனியே குத்தி நிறுத்தினால் ராகம் பிணமாகும் என்பதை ஆர்மோனியத்தைப் பற்றி நம் பெரியோர் ஓயாது சொல்லி வந்தனர். அந்தப் பழிக்கு இடங்கொடாத மின்கருவி இது என்பதைச் சரண்ஜித் சிங் கண்டுகொண்டார். மால்கௌன்சின் ஐந்து சுரங்களும் மின்சாரத்தில் தோய்ந்து வந்த பின்னும் ராகத்தின் முகம் மாறவில்லை. சம்பிரதாயத்தின் புனிதம் யந்திரம் பட்டால் தீட்டாகும் என்போர்க்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை. ராகம் ஒரு ஜாதியாரின் தொண்டைக்குள் அடைபட்ட பொருளன்று என்பதை இத்தட்டு வாதமின்றி மெய்ப்பிக்கின்றது.

அவர் பிழைத்த இடம் தாளமேயாகும். பத்து ராகமும் பத்து முகத்தோடு வருகின்றன. தாளமோ ஒரே முகத்தோடு வருகின்றது. நான்கு அடிக்கு நான்கு குத்து, அவ்வளவே. தபலாவை நீக்கி டிஸ்கோத் தாளத்தை வைத்துப் பார்ப்பதே தம் எண்ணமென்று பிற்காலப் பேட்டியில் அவரே கூறியிருக்கின்றார். கூறியபடியே செய்தார். ஆனால் தபலாவோடு ஆவர்த்தனமும் போயிற்று. ராகம் அலைந்து திரிந்து சமத்தில் வந்து விழும்போது கேட்போன் தலை தானே அசையும் அல்லவா? அந்த இன்பம் இத்தட்டில் இல்லை. எங்கே விழுந்தாலும் அங்கே ஒரு குத்து இருக்கும்போது, விழுவதற்கென்று ஓரிடம் ஏது?

இதற்கு யந்திரத்தின்மேல் பழி சுமத்துவோர் உளர். அது நியாயமன்று. 808 இன் முகப்பில் பதினாறு பொத்தான்கள் உள. ஒரு சுற்றைப் பதினாறில் முடிக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. பதினான்கில் முடித்தால் மிச்ர சாபுவின் ஏழு கிடைக்கும். பத்தில் முடித்தால் கண்ட சாபுவின் ஐந்து கிடைக்கும். ஓரடியை மூன்றாகப் பிளக்கும் வசதியும் உண்டு. அதனால் நம் தெம்மாங்கு நடையும் வரும். ஏழெண்ண அறிந்த யந்திரத்தை நான்கு மட்டும் எண்ணச் சொன்னது மனிதனே. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் நாம் இதை நன்கு அறிவோம். ஏட்டில் கட்டங்கள் எத்தனையோ இருக்கும். எதை எழுதுவது, எதை விடுவது என்பதைக் கட்டம் தீர்மானிப்பதில்லை.

எனினும் யந்திரத்தால் இயலாததும் உண்டு. அதையும் மறைத்தல் கூடாது. மிருதங்கத்தின் இடக்கை, தோலை அடித்த பின் மணிக்கட்டால் அழுத்தி ஒலியை வளைக்கும். உறுமிக்காரர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அதனை முனக வைப்பார். தவில்காரரின் விரற்கூடுகள் ஒரே கணத்தில் பல வலிமையில் விழும். 808 இல் ஒரு குத்துக்கு வலிமை கூட்டினால் அக்கணத்தில் ஒலிக்கும் எல்லாவற்றுக்கும் சேர்ந்தே கூடும். எல்லாவற்றிலும் பெரிய குறை, அது எதிரே இருப்பவரைப் பார்ப்பதில்லை. பாடகர் தயங்கினால் மேளக்காரர் தாங்கிப் பிடிப்பார். கூட்டம் சோர்ந்தால் நடையை மாற்றுவார். யந்திரம் தன் வழியே போகும்.

இனி, பிழைப்பைப் பற்றிய கேள்விக்கு வருவோம். 1982 இலேயே மத்திய லண்டன் இசைவாணர் சங்கக் கிளையினர், சிந்தசைசரையும் தாள யந்திரத்தையும் தடுக்க வேண்டுமென்று தீர்மானம் செய்தனர். அத்தீர்மானம் யந்திரத்தை நிறுத்தவில்லை. தமிழ்ச் சினிமாவிலும் 1986 இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணிப்பொறி வழி இசையமைத்தார். 1992 இல் ‘ரோஜா’ படத்தோடு ஏ. ஆர். ரகுமான் புகுந்த பின் யந்திரத் தாளம் வீட்டுக்கு வீடு ஒலித்தது. மாணவர் பயிற்சிக்கென்று பெங்களூரில் ராடெல் கம்பெனியார் மின்சுருதிப் பெட்டியையும் ‘தாளமாலா’ என்னும் மின்தபலாவையும் செய்தனர். இவற்றால் நன்மையும் விளைந்தது. லயத்து வீட்டிலோ அடுக்குமாடி வீட்டிலோ இருந்து பழகும் பிள்ளைக்கு, நாள்தோறும் மிருதங்க வித்துவானை அமர்த்தச் செல்வம் ஏது? அப்பிள்ளைக்கு யந்திரம் ஓர் ஆசான். அதை வெறுப்பது, வசதியுள்ளோன் வசதியற்றோனுக்குச் செய்யும் உபதேசமே.

மேளக்காரர் கதியை யந்திரம் ஒன்றே கெடுத்தது என்பாரிடம் நாம் ஒரு கேள்வி கேட்கின்றோம். யந்திரம் வருமுன் அவர் எந்தச் சிம்மாசனத்தில் வீற்றிருந்தார்? சாவு வீட்டில் பறை கொட்டுவது ஒரு ஜாதியாரின் கடமை என்று கட்டாயப்படுத்தி, கொட்டிய கையைத் தொட்டால் தீட்டென்று ஒதுக்கிய சமூகம் எது? இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் விடியுமுன் தப்படித்துப் பெரட்டுக்கு ஆள் எழுப்பியவனுக்கு வித்துவான் என்ற பட்டம் எவர் தந்தார்? மிருதங்கத்துக்குத் தோல் பதனிட்டு வார் பிடித்தவர்களின் பெயர் சபையில் கேட்டதுண்டா? அவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் நூலை எழுதி வெளியிட 2020 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. முழவை உயர்த்தி முழவனைத் தாழ்த்திய நாம், இன்று யந்திரத்தைக் கண்டு முழவனுக்காகக் கண்ணீர் விடுவது எத்தகைய நாடகம்!

ஜாதியற்ற கொட்டு என்ற வகையில் யந்திரத்துக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம் உண்டு. அதை எவரும் தொடலாம். தொட்டவரை எவரும் ஒதுக்குவதில்லை. ஆயின் அந்நற்சாட்சியே ஒரு சூழ்ச்சிக்கும் துணை போகலாம். மேளக்காரரின் இழிவைத் துடைப்பதற்குப் பதிலாக மேளக்காரரையே துடைத்துவிட்டால், நாம் சீர்திருந்திவிட்டோம் என்று சொல்லிக் கொள்ளலாம் அல்லவா? தமிழ்நாட்டிலும் இங்கும் பல கோயில்களில் மோட்டாரால் இயங்கும் முரசும் மணியும் மாட்டப்பட்டுள்ளன. பொத்தானை அமுக்கினால் தண்டு சுழலும், சுத்திகள் எழுந்து விழும். எண்ணூறு ஆண்டுகட்கு முந்திய அல் ஜஸாரியின் பொம்மை இதைவிடச் சிறந்தது; அதில் முளைகளை மாற்றித் தாளத்தை மாற்றலாம். இதுவோ மாறாத ஒரே இரைச்சல். தோட்டத்துக் கோயில் கூட்டமொன்றில் தவில்காரருக்குக் கொடுக்கும் தொகையை மிச்சப்படுத்தியதாகக் கணக்கு வாசித்தபோது கைதட்டியவர்களை நாம் கண்டோம். அதே கணக்கில் வாணவேடிக்கைக்கு வைத்த தொகை குறையவில்லை. இங்கே குற்றவாளி மோட்டாரா? கணக்கை எழுதியவரா?

மனிதர் கொட்டும் மேளத்தை மக்கள் மறந்துவிடவில்லை என்பதற்குச் சிங்கப்பூரே சான்று. தைப்பூச ஊர்வலத்தில் வாத்திய இசை கூடாது என்று 1973 இல் விதி வந்தது. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டாங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயில் வரையில் நடந்தவர்கள் நாற்பதாண்டுக்கு மேல் அவ்விதியின்கீழ் நடந்தனர். மேளம் வேண்டும் என்னும் குரல் அடங்கவில்லை. 2016 இல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. காவடியும் அலகும் வேண்டுமா என்பது வேறு விவாதம். அதில் நாம் ஈண்டுப் புகவில்லை. நாம் கவனிக்கத் தக்கது ஒன்றே. எந்தக் கருவியையும் எந்தக் கடையிலும் வாங்கத் தக்க இந்நகரில், ஒலிபெருக்கியும் ஒலிப்பதிவும் மலிந்த இக்காலத்தில், ஒரு சமூகம் மனிதன் கையால் எழும் ஒலியையே கேட்டு நின்றது.

தமிழ்நாட்டில் மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவைச் சேர்ந்த பெண்கள், சாவுக்கென்று ஒதுக்கிய பறையைத் தோளில் மாட்டி மேடையில் நின்று கொட்டினர். ஏவலாகக் கொட்டியதற்கும் விருப்பத்தால் கொட்டுவதற்கும் உள்ள தூரத்தை அவர்கள் காட்டினர். இதை எந்த யந்திரமும் செய்திருக்க இயலாது. எந்த யந்திரமும் தடுக்கவுமில்லை.

ஆகவே நம் முடிவு இது. சரண்ஜித் சிங்கின் தட்டு கேட்கத் தக்கது, போற்றத் தக்கது; ஆயினும் முடிந்த காரியமன்று, பாதிக் காரியம். ராகத்துக்கு யந்திரத்தில் இடம் உண்டென்று அவர் காட்டினார். நம் தாளத்துக்கும் அங்கே இடம் உண்டென்று காட்டும் வேலை எஞ்சியிருக்கின்றது. அதை மேனாட்டார் வந்து செய்யார். ஏழையும் ஐந்தையும் கையில் வைத்திருக்கும் நம் தவில்காரரும் உறுமிக்காரரும் இளைஞரோடு ஒரே பலகையின் முன் அமர்ந்து செய்ய வேண்டும். அப்போது யந்திரம் அவரை விரட்டும் ஆயுதமாகாது. அவர் அறிவை ஏற்கும் ஏடாகும்.

அதற்குமுன் எளிய காரியம் ஒன்று உண்டு. திருமணமோ திருவிழாவோ ஆண்டு விழாவோ, அழைப்பிதழில் தலைவர் பெயரும் புரவலர் பெயரும் வரிவரியாக அச்சிடுகின்றோமே, மேளம் கொட்டுவோர் பெயரை எத்தனை அழைப்பிதழில் அச்சிட்டோம்? ‘மேளம் உண்டு’ என்று போட்டால் போதுமா? பெயரைப் போடுங்கள். பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுங்கள். விருந்தில் எல்லாரோடும் ஒரே பந்தியில் அமர்த்துங்கள். இம்மூன்றையும் செய்த பின்னும் மேளம் அழிந்தால், அன்று யந்திரத்தின்மேல் வழக்குத் தொடுப்போம். நாமே முதற் சாட்சியாக வருவோம்.